முள்ளெடுத்துத் தந்த மீன்

கண்ணுக்கு மருந்து விட வீட்டில் ஆள் இருக்கிறதா என்று தாதி கேட்டபோது, இருக்கிறது என்று பொய் சொன்னேன். மன்னார் ஆசுப்பத்திரியில் வலது கண்ணை மூடிக் கட்டியபடி உட்கார்ந்திருந்தேன். அன்று காலைதான் கண்புரைக்குச் சத்திரசிகிச்சை முடிந்திருந்தது. ஒரு மாதத்துக்கு, நாளுக்கு நாலு தடவை மருந்து விட வேண்டும், குனியக் கூடாது, அடுப்புப் புகை படக் கூடாது என்றாள் தாதி. "ஆர் விடுவினம், அவரோ?" என்று கேட்டாள். "ஓம், அவர்தான்" என்றேன். அந்த நேரம் என் கணவர் எங்கள் ஊர்க் கோயில் திருவிழாவுக்குக் கொட்டகை போட்டுக்கொண்டிருந்தார்.

என்னோடு வந்தவள் எங்கள் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிற ஆசிரியை. மறிச்சுக்கட்டிப் பக்கத்து முஸ்லிம் பெண். பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் அறை எடுத்துத் தங்கியிருக்கிறாள். அது அவர்களுடைய நோன்புக் காலம். பச்சைத் தண்ணீர் கூடக் குடிக்காமல் காலையிலிருந்து எனக்காக ஆசுப்பத்திரி வாங்கில் உட்கார்ந்திருந்தாள். திரும்பி வரும்போது பஸ் நிலையத்தில் இரண்டு கழுதைகள் வழியை மறித்துக்கொண்டு நின்றன. என் கையைப் பிடித்து அவற்றைச் சுற்றிக் கூட்டிக்கொண்டு போனதும் அவள்தான்.

என் கணவர் படகு இஞ்சின் திருத்துகிறவர். ஊரில் யாரைக் கேட்டாலும் அவரை ஒரு புனிதர், அர்ச்சியசிஷ்டவர் என்றுதான் சொல்வார்கள். செத்த வீடென்றால் குழி வெட்ட முதல் ஆள். கலியாண வீடென்றால் கடைசிப் பந்தி முடியும்வரை நிற்பார். கடலில் இஞ்சின் நின்றுபோன படகை இழுத்துவரச் சோற்றைப் பாதியில் விட்டுவிட்டு எழும்பிப் போவார். இப்படி ஒரு மனிதரைத் தந்ததற்கு ஆண்டவருக்கு நன்றி சொல்லு என்று என்னிடமே வந்து சொன்ன பெண்கள் உண்டு. நான் சிரித்துக்கொண்டு தலையாட்டுவேன். பல்லைக் கடித்தபடி சிரிப்பதற்கு எனக்கு முப்பது வருடப் பழக்கம்.

ஒப்பரேசனுக்கு ஒரு கிழமை முந்தியே அவரிடம் சொல்லியிருந்தேன்.

"வெள்ளிக்கிழமை மன்னாருக்குப் போகவேணும். கண் ஒப்பரேசன்."

அவர் முற்றத்து வெயிலில் ஒரு இஞ்சினுக்குள் கையை விட்டபடி இருந்தார். நிமிரவில்லை.

"கொட்டகை வேலை கிடக்கு. நீ டீச்சரைக் கூட்டிக்கொண்டு போட்டு வா."

"மோட்டச்சைக்கிளிலை கொண்டுபோய் விட்டிட்டாவது வாங்கோவன்."

"அதின்ரை பிறேக் சரியில்லை."

ஊர் இஞ்சினெல்லாம் திருத்துகிறவரின் மோட்டார் சைக்கிளுக்குப் பிறேக் இல்லை. அது பல மாதமாகத் தறப்பாளால் மூடிக் கிடந்தது. நான் மேலே ஒன்றும் கேட்கவில்லை. கேட்டு வாங்குகிற பழக்கம் எனக்கு இல்லை. அதை ஒரு பெருமையாகவே வைத்திருந்தேன்.

அந்த மாதம் மருந்தை நானே விட்டுக்கொண்டேன். கட்டிலில் மல்லாந்து படுத்து, போத்தலைக் கண்ணுக்கு நேரே பிடித்து அமுக்கினால் பாதி கன்னத்தில் ஓடும். பின்னேரத்தில் டீச்சர் வந்து ஒரு தடவை ஒழுங்காக விடுவாள். அவர் கதவடியில் நின்று பார்ப்பார், போய்விடுவார். ஒருநாள்கூட "நான் விடட்டோ" என்று கேட்கவில்லை. எங்கள் இரண்டு பெண்பிள்ளைகளும் கலியாணம் கட்டித் தூரம் போய்விட்டார்கள். தொலைபேசியில் கேட்டபோது, "அப்பா நல்லாப் பாக்கிறார்" என்று அவர்களுக்கும் பொய்தான் சொன்னேன்.

கட்டு அவிழ்த்த பிறகு உலகம் பளிச்சென்று தெரிந்தது. சுவரில் இருந்த அழுக்குத் தெரிந்தது, திருஇருதயப் படத்துக்குப் பின்னால் இருந்த ஒட்டறை தெரிந்தது. எல்லாவற்றையும்விட என் கணவருடைய குற்றங்கள் தெளிவாகத் தெரிந்தன. மேசையில் தேத்தண்ணியைச் சிந்திவிட்டுத் துடைக்காமல் போகிறார். சேட்டில் பொத்தான் மாறிப் போட்டுக்கொண்டு பூசைக்கு வருகிறார். என் முகத்தைப் பார்த்துக் கதைப்பதே இல்லை. புதுக் கண்ணை ஆண்டவர் இதற்காகவே தந்தார் என்று நினைத்துக்கொண்டேன். இடது கண்ணுக்குத் திகதி இரண்டு மாதம் கழித்து இருந்தது. அதை அவரிடம் சொல்வதே இல்லை என்று முடிவெடுத்தேன். ஊர் முழுவதற்கும் தெரிய, வேறொரு சமயத்துப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு மறுபடியும் போவேன், அப்போது பார்க்கட்டும் இந்த அர்ச்சியசிஷ்டவர் என்று கறுவிக்கொண்டேன்.

நான் தமிழ் படிப்பிக்கிறவள். எட்டாம் வகுப்புக்கு ஒவ்வொரு வருடமும் ஒரு பாடம் எடுப்பேன். எனக்கும் உனக்கும் என்றால் தருவது, அவனுக்கும் அவளுக்கும் என்றால் கொடுப்பது. எனக்குக் கொடு என்று எழுதினால் சிவப்பு மையால் கோடு போடுவேன். வீட்டில் படுத்துக் கிடந்த நாட்களில்தான் அந்தப் பாடம் எனக்கே உறைத்தது. என் கணவர் ஊருக்கெல்லாம் கொடுத்தார். எனக்கு ஒன்றும் தரவில்லை. நானும் இனிக் கொடுக்கிறவளாக மட்டும் இருப்பேன், தருகிறவளாக இருக்க மாட்டேன் என்று தீர்மானித்தேன். புகை படக் கூடாது என்று தாதி சொன்னதையும் பாராமல் சமைத்து, பக்கத்து வீட்டுக்கு மீன் கறி கொடுத்தேன். டீச்சருக்கு நோன்பு திறக்கத் தினமும் கஞ்சி கொடுத்து அனுப்பினேன். சுவாமி இருக்கிற பங்குமனைக்கு வட்டிலப்பம் செய்து கொடுத்தேன். நாலு மணித் தேத்தண்ணி அவருக்கு வரவில்லை. சேட்டுப் பொத்தானுக்கு நூல் வரவில்லை. கதைத்தால் பதில் வரவில்லை.

சாப்பாடு மட்டும் வைத்தேன், அதுவும் பழி வாங்கத்தான். ஒரு வருடமாக அவர் முள்ளு மீன் வேண்டாம், முள்ளு மீன் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருந்தார். கடற்கரையில் பிறந்து வளர்ந்தவருக்கு என்ன வந்தது என்று நானும் பேசாமல் பாரையும் அறக்குளாவும் வாங்கி, நடுத்துண்டில் முள்ளெடுத்து வைத்துக்கொண்டிருந்தேன். இப்போது தினமும் சூடை வாங்கினேன். விரல் நீளம், உடம்பெல்லாம் மயிர்போல முள். சொதி வைத்தேன், பொரித்தேன், புளி விட்டு அவித்தேன். அவர் முகத்தைச் சோற்றுக் கோப்பைக்குக் கிட்டக் கொண்டுபோய், சோற்றை விரலால் தடவித் தடவிச் சாப்பிட்டார். ஒரு மத்தியானம் முள் மாட்டி இருமத் தொடங்கினார். வழக்கமாக நான் வெறுஞ்சோற்றை உருட்டி வாயில் வைத்துவிடுவேன். அன்று நான் கிணற்றடிக்கு எழும்பிப் போய், அவர் இருமி முடியும்வரை வாளியைக் கழுவிக்கொண்டு நின்றேன். மனதுக்கு இதமாக இருந்தது. அதை மறைக்க மாட்டேன்.

ஞாயிறு பூசைக்குப் போனேன். நற்கருணை நன்மை எடுக்க வரிசையில் போகவில்லை. இப்படி ஒரு நெஞ்சை வைத்துக்கொண்டு போய் நாக்கை நீட்ட எனக்கு மனம் வரவில்லை. வாங்கிலேயே முழந்தாளில் இருந்தேன். சுவாமியிடம் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்தால் தீர்ந்துவிடும்தான். ஆனால் செய்துவிட்டால் சூடையை விடவேண்டி வருமே என்று அதையும் தள்ளிப்போட்டேன்.

அப்படி இருக்கும்போதுதான் எங்கள் பங்குச் சுவாமி வீட்டுக்கு வந்தார். கலியாணம் செய்யப் போகிற பிள்ளைகளுக்குக் கோயில் மண்டபத்தில் வகுப்பு நடக்கிறது. அனுபவப்பட்ட ஒரு தம்பதி வந்து பேச வேண்டும், ஒருவருக்கொருவர் கொடுத்தல் என்பது தலைப்பு, உங்களைவிடப் பொருத்தமான ஆட்கள் இந்தப் பங்கில் இல்லை என்றார். கணவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தார். அவர் மறுப்பார் என்று நினைத்தேன். "வாறம் சுவாமி" என்றார். நானும் ஓம் என்றேன். எனக்கு ஒரு மேடை கிடைத்துவிட்டது.

சனிக்கிழமை காலை மண்டபம் நிரம்பியிருந்தது. இருபது சோடி இருக்கும். மன்னார்த் தீவிலிருந்தும் விடத்தல்தீவுப் பக்கமிருந்தும் வந்திருந்தார்கள். சுவரில் கொட்டை எழுத்தில் தலைப்பு ஒட்டியிருந்தது. நாங்கள் முன்னால் இரண்டு கதிரைகளில் பக்கம் பக்கமாக இருந்தோம். அந்த இரண்டு மாதத்தில் அவ்வளவு கிட்ட இருந்தது அங்கேதான். சுவாமி எங்களைப் பற்றிப் புகழ்ந்துகொண்டிருந்தபோது, கணவர் சேட்டுப் பையிலிருந்து நாலாக மடித்த கடதாசி ஒன்றை எடுத்து என் மடியில் வைத்தார்.

"இதை நீ வாசி" என்றார், மெல்ல.

தான் பேச வேண்டியதையும் என் தலையில் கட்டப் பார்க்கிறார் என்றுதான் விளங்கிக்கொண்டேன். இங்கேயும் வேலை எனக்கு, பெயர் அவருக்கு. கடதாசியை விரிக்காமலேயே அவருடைய மடியில் திருப்பிப் போட்டேன்.

"நீங்கள் எழுதினதை நீங்களே வாசியுங்கோ. ஏன், உங்களுக்குக் கண் தெரியாதோ?" என்றேன், பின் வரிசைக்கும் கேட்கிற மாதிரி.

பிள்ளைகள் சிரித்தார்கள். சுவாமியும் சிரித்தார். கணவர் கடதாசியைப் பையில் வைத்துவிட்டு எழும்பினார். "எனக்குப் பேச வராது. என்ரை மனுசி எனக்கு எல்லாம் தந்தவ. நான் தான்…" என்று தொடங்கி, சரியாக முடிக்காமல் உட்கார்ந்தார். பணிவு என்று நினைத்துக் கைதட்டினார்கள். எனக்கு இன்னும் எரிந்தது.

பிறகு நான் எழும்பினேன். தலைப்பில் இலக்கணப் பிழை இருக்கிறது என்றேன். கணவனும் மனைவியும் ஒருவருக்கொருவர் கொடுப்பதில்லை பிள்ளைகள், தருவார்கள். கொடுப்பது தெருவில் போகிறவருக்கு. ஊருக்கெல்லாம் அள்ளிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குள் வெறுங்கையோடு வருகிற மாப்பிள்ளையைக் கட்டிக்கொள்ளாதீர்கள். நம்முடைய ஆண்டவர் பாதம் கழுவினார் என்று சொல்லிச் சொல்லிப் பெண்களைக் கழுவ வைப்பார்கள். அன்றைக்குச் சீடர்கள் ஒவ்வொருவரும் காலை நீட்டினார்கள், மாட்டேன் என்றவரைக்கூட நீட்டச் சொல்லி நம் ஆண்டவர் வற்புறுத்தினார் என்பதை ஒருவரும் சொல்ல மாட்டார்கள். ஒருவரே கழுவிக்கொண்டும் மற்றவர் நீட்டிக்கொண்டும் இருப்பதற்குக் கலியாணம் என்று பெயர் இல்லை. இப்படியே அரை மணி நேரம் பேசினேன். ஒரு பெயரும் சொல்லவில்லை, ஒரு விரலும் நீட்டவில்லை. ஆனால் எல்லாரும் என் பக்கத்துக் கதிரையைத்தான் பார்த்தார்கள். முடிவில் பெட்டைப் பிள்ளைகள் எழும்பி நின்று கைதட்டினார்கள். நான் தலைநிமிர்ந்து வீட்டுக்கு நடந்தேன். அவர் பத்தடி பின்னால் வந்தார்.

திங்கட்கிழமை உடுப்புத் தோய்க்கும்போது சேட்டுப் பையில் அந்தக் கடதாசி இருந்தது. இன்னும் கொஞ்சம் பழி வாங்க ஏதாவது அகப்படும் என்று விரித்துப் பார்த்தேன். எழுத்துகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கிடந்தன. ஒரு வரி சரிந்துபோய் அடுத்த வரிக்குள் விழுந்திருந்தது. சில இடத்தில் கடதாசி முடிந்தது தெரியாமல் எழுதியிருந்தார், பாதிச் சொல் மேசையில் போயிருக்க வேண்டும். அது கூட்டத்தில் வாசிக்க எழுதியது இல்லை. எனக்கு எழுதியது.

'நீ என்னோடை கதைக்கிறேல்லை. அதுதான் எழுதுறன். ஒப்பரேசனுக்கு நான் வராதது பிழை. எனக்கும் கண் தெரியுதில்லை. ஒரு வருசமா. கண் டொக்டரிட்டை வந்தா என்னையும் இருத்திக் கண்ணைப் பாத்திடுவினம் எண்டு பயம். தெரிஞ்சா ஒருத்தரும் இஞ்சின் தரமாட்டினம். மருந்து விட எனக்கு ஆசை. உன்ரை கண்ணிலை போத்தல் குத்திப்போடும் எண்டு பயந்து விடேல்லை.'

கிணற்றுக் கட்டில் இருந்துவிட்டேன். வாளி நிரம்பி வழிந்தது. முற்றத்து வெயிலுக்கு இஞ்சினைத் தூக்கிக்கொண்டு போனது, தறப்பாளுக்குக் கீழே கிடந்த மோட்டார் சைக்கிள், சிந்திய தேத்தண்ணி, மாறிப் போட்ட பொத்தான், முகம் பார்க்காமல் கதைத்தது என்று எல்லாம் ஒவ்வொன்றாக இடம் மாறிப் போய் நின்றன. அந்த மனிதருக்குத் தினமும் சூடை வைத்திருந்தேன். நாற்பது பிள்ளைகளுக்கு முன்னால், கண் தெரியாதோ என்று கேட்டிருந்தேன்.

அழவில்லை. எனக்குக் கோபம்தான் வந்தது, முந்தியதைவிடக் கூட. ஆசை தீரப் பழி வாங்கக்கூட விடாத மனிதர். நான் வெட்கப்பட வேண்டியிருந்தது. ஆனால் முப்பது வருடத்தில் அவர் எனக்குச் செய்யாதவை இந்த ஒரு கடதாசியால் அழிந்துபோகவில்லை. கண் நல்லாக இருந்த காலத்திலும் பிள்ளைகளின் காய்ச்சலுக்கு நான் தனியாகத்தானே ஆசுப்பத்திரிக்கு ஓடினேன். வெட்கம், கோபம் இரண்டையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, ஈரக் கையோடு முற்றத்துக்குப் போனேன். அவர் வெயிலில் குந்தியிருந்தார். கடதாசியை அவர் மூக்குக்கு முன்னால் நீட்டினேன்.

"இதை வாசியுங்கோ."

"நீதான் வாசிச்சிட்டியே."

"உங்கடை வாயாலை வாசியுங்கோ."

வாங்கிப் பார்த்தார். தலைகீழாகப் பிடித்திருந்தார்.

"தெரியேல்லை" என்றார்.

அந்த ஒரு சொல்லை அவர் வாயிலிருந்து பிடுங்க வேண்டும் போலத்தான் எனக்கு இருந்தது. வந்தது. ஆனால் நினைத்த மாதிரி இனிக்கவில்லை.

"எனக்குச் சொல்லியிருக்கலாமே."

"நீ எப்பவாவது என்னட்டை ஏதாவது தா எண்டு கேட்டனியோ?" என்று அவர் திருப்பிக் கேட்டார். குரலில் கோபம் இருந்தது. "கேக்காமலே எல்லாம் செய்யிற ஆளிட்டை நான் என்னெண்டு போய்க் கேக்கிறது."

அது என்னைச் சுட்டது. தினமும் முழந்தாளில் இருந்து ஆண்டவரிடம் தாரும், தாரும் என்று செபிக்கிற வாய் இது. கட்டின புருஷனிடம் ஒருநாளும் தாங்கோ என்று கேட்டதில்லை. கேளாமல் தந்து தந்து அவரைக் கடன்பட்டவராகவே வைத்திருந்தேன். அதுவும் ஒரு பழிவாங்கல்தான், சூடைக்கு எவ்வளவோ முந்தித் தொடங்கியது. மேடையில் கால் நீட்டுவதைப் பற்றி அரை மணி நேரம் பேசியவள், என் காலைப் பாவாடைக்குள் இழுத்து வைத்துக்கொண்டுதான் பேசியிருக்கிறேன்.

"சரி, கேக்கிறன்" என்றேன். "வாற வியாழன் என்ரை மற்றக் கண். என்னோடை வாங்கோ. வந்து எனக்கு மருந்து விடுங்கோ."

"எனக்குத் தெரியாதே."

"தெரியாட்டிலும் விடுங்கோ."

வியாழக்கிழமை இரண்டு பேரும் பஸ்ஸில் போனோம். ஏறும்போது அவர் படியைக் காலால் தேடினார், நான் கையைப் பிடித்தேன். இறங்கும்போது நடத்துநர் அவசரப்படுத்த, அவர் என் கையைப் பிடித்தார். டொக்டர் அவருடைய கண்களைப் பார்த்துவிட்டு, இவ்வளவு நாளும் எங்கே இருந்தீர்கள் என்று ஏசினார். இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் கட்டுப் போட முடியாது, முதலில் எனக்கு, என் மருந்து முடிந்ததும் அவருக்கு என்று திகதி எழுதினார்கள். என் முறையை அவருக்கு விட்டுக்கொடுக்கட்டா என்று பழைய பழக்கத்தில் வாய்வரை வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டேன். அது என்னுடைய திகதி. என் ஒப்பரேசன் முடிந்து வீட்டுக்குப் போகும்போது அதே தாதி அதே கேள்வியைக் கேட்டாள். கணவர் முந்திக்கொண்டு, "நான் விடுவன்" என்றார். அவரையும் அவருடைய கண்ணையும் பார்த்துவிட்டு அவள் போத்தலைத் தந்தாள்.

முதல் துளி என் மூக்கில் விழுந்தது. இரண்டாவது காதுக்குள் போனது. நான் வாய்க்கு வந்தபடி ஏசினேன். மூன்றாம் நாள் அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். இருட்டுக்குள் இஞ்சினுக்குள் ஆணியைத் தேடுகிறவர்தானே, இடது கைப் பெருவிரலை என் புருவத்தில் வைத்து, அதிலிருந்து அளந்து, போத்தலைத் தூக்கிப் பிடித்து அமுக்கினார். கண்ணுக்குள் குளிராக விழுந்தது. விரலில் மண்ணெண்ணெய் மணம். நாளுக்கு நாலு தடவை, ஒரு மாதம், ஒரு தடவையும் தவறவில்லை. படகுக்காரர் வந்து கூப்பிட்டால், "கொஞ்சம் பொறுங்கோ, மனுசிக்கு மருந்து விடுறன்" என்று உள்ளேயிருந்து சொல்வார். நான் கண்ணை மூடிக்கொண்டு அதைக் கேட்டபடி கிடப்பேன்.

பிறகு அவருக்கு ஒப்பரேசன் நடந்தது, நான் மருந்து விட்டேன். கண் தெரியாமல் இருந்த விஷயம் ஊருக்கும் தெரியவந்தது. ஒருவரும் இஞ்சினைத் திருப்பிக் கொண்டுபோகவில்லை. ஞாயிறு நன்மை எடுக்க நானும் வரிசையில் போனேன். பாவசங்கீர்த்தனத்தில் சூடையைப் பற்றியும் சொன்னேன், சுவாமி திரைக்கு அந்தப் பக்கம் சிரித்த மாதிரி இருந்தது. மண்டபத்தில் கேட்டதற்கு மட்டும் கணவரிடம் இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை. நாக்கின் நுனிவரை வரும், பிறகு பிள்ளைகளின் காய்ச்சல் ஞாபகம் வரும், விட்டுவிடுவேன்.

கட்டு அவிழ்த்து இரண்டு கிழமை போன பிறகு அவரே கடற்கரைக்குப் போய்ச் சூடை வாங்கிவந்தார். எனக்குத் திக்கென்றது. சொதி வைத்தேன். சாப்பிட இருந்தபோது என் கோப்பையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். ஒவ்வொரு மீனாக எடுத்து, வெளிச்சத்துக்குப் பிடித்து, நடுமுள்ளை உருவி, மயிர்முள்ளையும் நகத்தால் பொறுக்கி, வெறும் சதையைச் சோற்றின்மேல் வைத்தார். இப்படி எனக்கு ஒருவரும் முள்ளெடுத்துத் தந்ததில்லை, என் தாய்கூட இல்லை. அவருடைய சோறு ஆறிக்கொண்டிருந்தது.

"இந்தா" என்று கோப்பையைத் தள்ளினார்.

பிசைந்து சாப்பிட்டேன். மூன்றாவது வாயில் தொண்டையில் ஒரு முள் குத்தியது. நல்ல பெரிய நடுமுள், கண் தெரிகிற ஒருவர் தவற விடக்கூடிய முள்ளே இல்லை. கண்ணில் நீர் வர இருமிக்கொண்டு நிமிர்ந்தேன். அவர் புதுக் கண்ணால் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கையில் ஒரு வெறுஞ்சோற்று உருண்டை உருட்டி ஆயத்தமாக இருந்தது.